திட்டம் முடிந்த மறுநாள்
(எஹலியகொடவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வளர்முக நாடொன்றின் சுற்றாடல் அதிகாரசபையைப் பலப்படுத்துவதில் சர்வதேச ஒத்துழைப்பு என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஜெனீவாவிலோ நைரோபியிலோ பேச வேண்டியதை எஹலியகொடவில் வந்து பேசுகிறானே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நான் இரசாயனம் படிப்பித்தவன். பெரிய சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்து இறப்பர் ஸ்டோரின் கானிலிருந்து தொடங்குகிறேன்.

விடியலில் வெட்டிய பால் முற்பகலுக்குள் வாளி வாளியாக ஸ்டோருக்கு வந்துவிடும். அதை வடித்து, தண்ணீர் சேர்த்துத் தொட்டியில் ஊற்றி, போமிக் அமிலம் கலந்தால் திரளும். திரண்ட கட்டியை உருளைகளுக்குள் கொடுத்து, மேலே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே அரைத்தால் கிரேப் இறப்பர். திரளாமல் மிஞ்சிய வெள்ளை நீரும், உருளையைக் கழுவிய நீரும், தொட்டியைக் கழுவிய நீரும் ஒன்றாகிக் கானில் ஓடும். முதலில் புளித்த வாடை. தேங்கிவிட்டால் அழுகிய முட்டை வாடை. கான் போய் ஓடையில் சேரும் இடத்துக்குக் கீழேதான் பெரும்பாலும் பணிய லயத்தார் குளிக்கும் இடம் இருக்கும். ஸ்டோரையும் லயங்களையும் வெள்ளைக்காரன் கட்டியபோது சரிவைப் பார்த்தானே தவிர, சரிவின் அடியில் யார் குளிப்பார்கள் என்று பார்க்கவில்லை.

அந்த வெள்ளை நீரில் நஞ்சு என்று சொல்லும்படி ஒன்றும் பெரிதாக இல்லை. புரதமும் சீனியும் கொஞ்சம் அமிலமும்தான். ஆனால் ஓடையில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. அவை தின்று பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மிதக்கும். ஒரு லீற்றர் கழிவுநீர் இப்படி எத்தனை மில்லிகிராம் ஒட்சிசனை விழுங்கும் என்பதை 20 பாகை வெப்பத்தில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பது இதுதான். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு இலங்கையின் பொது நியமம் லீற்றருக்கு 30 மில்லிகிராம். இறப்பர் தொழிலுக்குத் தனி நியமம் உண்டு, அது கொஞ்சம் தளர்வானது. சுத்திகரிக்காத இறப்பர் கழிவில் இந்த அளவு ஆயிரக்கணக்கில் போகும்.

இதைத் தடுக்கும் வித்தை நமக்குத் தெரியாததல்ல. தொட்டிக்குள் தென்னந்தும்பைத் தொங்கவிட்டு, அதில் பற்றி வளரும் நுண்ணுயிர்களையே கழிவைத் தின்னவிடும் முறையை நம் இறப்பர் ஆராய்ச்சிக்காரர்கள் பல வருடங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். தொட்டி கட்டப் பணம் இல்லை என்றால் அதற்கும் ஒரு காலத்தில் வழி இருந்தது. ஜப்பானின் கடனுதவியில் ஈ-ஃப்ரெண்ட்ஸ் என்ற பெயரில், தேசிய அபிவிருத்தி வங்கி மூலம், மாசைக் குறைக்கும் தொழிற்சாலைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தார்கள். ஆக நியமம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, கடனும் இருந்தது. ஆனால் ஸ்டோர்காரர் இரவில் கானைத் திறந்துவிட்டால் வந்து போத்தலில் நீர் எடுப்பவர் யார்? எடுத்த நீரை ஐஸ் பெட்டியில் வைத்து, கெடுவதற்கு முன் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும் வாகனம் எங்கே? முடிவு வந்த பிறகு வழக்குப் போடும் துணிவு யாருக்கு? ஓர் அதிகாரசபையின் பலம் என்று நான் சொல்வது இந்த மூன்றையும்தான்.

சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. முதலில் அதற்குப் பல் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், ஒருங்கிணைக்கலாம், அவ்வளவுதான். 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம்தான் இரண்டு ஆயுதங்களைக் கொடுத்தது. ஒன்று, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவை வெளியே விடக்கூடாது என்ற விதி. மற்றது, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. இரண்டாவதற்கான ஒழுங்குவிதிகள் 1993 யூன் மாத வர்த்தமானியில் வந்தன. அனுமதிப்பத்திரத் தொழில்களை 2008 வர்த்தமானி மூன்றாகப் பிரித்தது: அதிகம் மாசுபடுத்தும் 80 வகை, நடுத்தரமாக 33, குறைவாக 25. கடைசி 25க்கும் அனுமதி கொடுக்கும் வேலை பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களுக்குப் போனது. பின்னர் இந்தப் பட்டியல் திருத்தப்பட்டாலும் அடிப்படை அதேதான். வடமேல் மாகாணம் மட்டும் 1990இலேயே தனி நியதிச் சட்டம் போட்டுத் தனக்கென ஒரு சுற்றாடல் அதிகாரசபை வைத்துக்கொண்டது. நம் சப்ரகமுவைக்கு ஏன் அந்த யோசனை வரவில்லை என்பதை மாகாண அரசியல் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் காகிதத்திலிருந்து நடைமுறைக்கு வந்த வருடங்களில்தான் வெளிநாட்டு உதவி குவிந்தது. 1990களில் அமெரிக்க யூஎஸ்எயிட் நிறுவனத்தின் நாரெப் என்ற இயற்கை வள, சுற்றாடல் கொள்கைத் திட்டம், தாக்க மதிப்பீட்டை எப்படிச் செய்வது, எப்படிப் பரிசீலிப்பது என்று அதிகாரிகளுக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் பயிற்சி கொடுத்தது. நெதர்லாந்தின் உதவியோடு அதிகாரசபை சதுப்புநிலங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. முத்துராஜவெல, பெல்லன்வில-அத்திடிய என்று அந்தந்த இடத்துக்குத் தனித்தனி அறிக்கை வந்தது. இன்றைக்கும் சதுப்புநிலம் பற்றி எழுதும் மாணவர் அவற்றைப் புரட்டாமல் எழுத முடியாது. நோர்வே நீண்ட காலம் துணை நின்றது. உலக வங்கியும் வந்தது. பிற்காலத்தில் தென்கொரியாவின் கொய்கா நிறுவனம் கம்பஹா மாவட்டத்துத் தொம்பேயில் குப்பையை முறையாகப் புதைக்கும் நிலமொன்றை அமைத்துக் கொடுத்தது. அடியில் நீர் புகாத விரிப்பு, கசியும் கறுப்பு நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு எல்லாம் உண்டு. அது 2015இல் திறக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 2017 சித்திரைப் புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 32 பேரைக் கொன்றது. தொம்பேக்கும் மீதொட்டமுல்லவுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிதில்லை. ஒரு இடத்தில் செய்து காட்டியதை அடுத்த இடத்தில் செய்ய நமக்கு மனம் வரவில்லை.

வந்த உதவிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டே போனால் நேரம் போதாது. மலையகத்தில் நடந்த ஒரு சோதனையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தலவாக்கலையில் உறவினர் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல.

மேல் கொத்மலை நீர்மின் திட்டம். 150 மெகாவாட். தலவாக்கலை நகருக்கு அருகே கொத்மலை ஓயாவை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீரைக் கொண்டுபோய் மின்சாரம் எடுப்பது திட்டம். முதல் வடிவத்தில் அக்கம்பக்கத்துப் பல நீர்வீழ்ச்சிகளின் தண்ணீரையும் இழுத்துக்கொள்வதாக இருந்தது. செயின்ட் கிளயர், டெவன் என்று நாம் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்க்கும் அருவிகளெல்லாம் அதில் அடங்கின. 1994இல் மின்சார சபை தாக்க மதிப்பீட்டு அறிக்கையைச் சமர்ப்பித்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதை நிராகரித்தது. மாற்று வழிகளைச் சரியாகப் பார்க்கவில்லை, இந்த அருவிகளை இழப்பதற்கு ஈடு சொல்ல முடியாது என்பது சாரம். தாக்க மதிப்பீட்டு அதிகாரம் கைக்கு வந்து பத்து வருடம் கூட ஆகவில்லை. எதிரில் நிற்பது நாட்டின் மின்சார சபை, அதன் பின்னால் அமைச்சு, அதற்கும் பின்னால் கடன் கொடுக்கக் காத்திருக்கும் ஜப்பான். அப்படிப்பட்ட இடத்தில் "முடியாது" என்று எழுதிய அதிகாரிகளை நான் மதிக்கிறேன். அவர்கள் பயிற்சி பெற்றது வெளிநாட்டு உதவியில் என்றால், அந்த உதவி வீணாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் சட்டத்தில் இன்னொரு கதவு இருந்தது. அதிகாரசபை மறுத்தால் சுற்றாடல் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் முடிவே இறுதி. மின்சார சபை அந்தக் கதவைத் தட்டியது. அறிக்கைகள் போயின, வந்தன. 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. முதலில் எதிர்த்த மலையகத் தலைமைகளும் பின்னர் இணங்கின. 2002இல் ஜப்பானியக் கடன் ஒப்பந்தம், 2012இல் மின்னுற்பத்தி. சும்மா சொல்லக்கூடாது, அந்த இழுபறியில் நல்லதும் நடந்தது. பல அருவிகள் திட்டத்திலிருந்து கழன்றன. செயின்ட் கிளயரில் பகல் வேளையில் குறிப்பிட்ட அளவு தண்ணீரை விட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. லயத்திலும் கடைத்தெருவிலும் இருந்த குடும்பங்களுக்குப் புது வீடு கிடைத்தது. முதல் "முடியாது" இல்லாவிட்டால் இவை எதுவும் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜப்பான் ஒரு பக்கம் மாசைக் குறைக்கும் தொழிற்சாலைக்குக் கடன் கொடுத்தது, நீரின் தரத்தை அளக்கவும் நிலச்சரிவை ஆராயவும் நம்மவர்களுக்குத் துணை நின்றது. மறுபக்கம், அதிகாரசபை மறுத்த திட்டத்துக்கும் அதே நாட்டின் பணம்தான் வந்தது. ஜப்பானை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? உதவி கொடுக்கும் எந்த நாட்டுக்கும் இரண்டு கைகள் உண்டு. சுற்றாடல் உதவி ஒரு இலாகாவிலிருந்து வரும், கட்டுமானக் கடன் இன்னொன்றிலிருந்து. கேட்க வேண்டிய கேள்வி நம்மிடம்தான் இருக்கிறது: சுற்றாடல் அதிகாரசபை மறுத்த ஒன்றை மாற்றும் அதிகாரத்தை ஏன் ஒரு செயலாளரிடம் வைத்தோம்? அந்தச் சட்டப் பிரிவை எழுதியது வெளிநாட்டவர் அல்ல. எத்தனை கோடி டொலர் வந்தாலும் நம் பாராளுமன்றம் எழுதிய ஒரு பிரிவை அது திருத்தாது.

வெளிநாட்டு உதவி எங்கே நிலைத்தது என்றும் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் நாற்றுமேடைக்கு மண் நிரப்புவதற்கு முன்னால், வேரைத் தின்னும் வட்டப்புழுவைக் கொல்ல மெதைல் புரோமைட் என்ற வாயுவைப் பயன்படுத்தினார்கள். கடும் நஞ்சு. மண்ணை மூடிய பொலித்தீனுக்கு அடியில் விட்டால் புழுவும் சாகும், களையும் சாகும். பக்கத்தில் நின்று மூச்சில் இழுத்தால் மனிதருக்கும் ஆபத்து. மேலே போனால் ஓசோன் படலத்தைக் கிழிக்கும். இலங்கை 1989 டிசம்பரில் மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1992இல் மெதைல் புரோமைட்டும் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. வளர்முக நாடுகளுக்கு 2015 வரை தவணை. பலதரப்பு நிதியத்தின் பணத்தில், ஐ.நா. அபிவிருத்தி நிகழ்ச்சித் திட்டம் மூலம், நம் தேயிலைத் தோட்டங்களில் அதை நிறுத்தி மாற்று வழிகளுக்குப் போனார்கள். தவணைக்கு வெகு முன்னரே வேலை முடிந்தது. நாற்றுமேடையில் வேலை செய்த நம் பெண்கள் எத்தனையோ பேருக்கு, தங்களைச் சுற்றி இருந்த ஒரு நஞ்சு இல்லாமல் போனது யாரால் என்று இன்றுவரை தெரியாது.

அது ஏன் பலித்தது? அந்த உடன்படிக்கையில் கணக்கு இருந்தது. எந்த வருடத்துக்குள் எத்தனை தொன் என்று எழுதியிருந்தது. தவறினால் மற்ற நாடுகளின் முன் காரணம் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், சுற்றாடல் அமைச்சில் ஓசோன் வேலைக்கென்று ஒரு சிறிய தேசியப் பிரிவை நடத்துவதற்கும் அந்த நிதியம் தவணை தவணையாகப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது. மூன்று வருடத்தில் படம் எடுத்து, அறிக்கை அச்சடித்து, வாகனத்தில் ஏறிப் போகவில்லை. ஆட்கள் மாறினாலும் நாற்காலி நின்றது. அந்தச் சிறிய அலுவலகம் செய்ததைப் பெரிய பெரிய கட்டடங்களால் செய்ய முடியாமல் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது.

இனி நம் மலைகள். 2003 மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் எப்படி வெள்ளத்திலும் மண்சரிவிலும் புதைந்தது என்பதை இங்கே நரைத்த தலை உள்ளவர்கள் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையே இறங்கியது. அன்றைக்கே புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. மண்சரிவைப் பார்ப்பது சுற்றாடல் அதிகாரசபை அல்ல, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அதற்கும் வெளிநாட்டுத் துணை நிறையக் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் ஐ.நா. உதவியோடு மண்சரிவு அபாய வரைபடம் போடத் தொடங்கினார்கள். ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் 2014 முதல் சரிவுகளைக் கட்டுப்படுத்தும் பொறியியலைச் சொல்லிக் கொடுத்தது. வரைபடம் நல்ல வரைபடம். எந்தச் சரிவு ஆபத்து என்று நிறத்தில் காட்டும்.

2014 ஒக்டோபர் 29, பதுளை மாவட்டம், கொஸ்லந்தை, மீரியபெத்தை. காலை வேளையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது, வரைபடமும் செய்தது. நிலம் கொடுக்க வேண்டியவர், வீடு கட்ட வேண்டியவர், தோட்டக் கம்பனி, பிரதேச செயலகம் என்று பொறுப்பு ஒவ்வொரு கையாக நழுவிக்கொண்டே போயிற்று. லயம் அரசாங்க நிலத்தில் இருக்கிறது, குத்தகை கம்பனியிடம் இருக்கிறது, குடியிருப்பவருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. உறுதி இல்லாதவரை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்விக்கு எந்த வெளிநாட்டு நிபுணரிடமும் விடை இருக்காது. அவருடைய ஒப்பந்தத்தில் அந்தக் கேள்வியே இருக்காது.

வெளிநாட்டு ஒத்துழைப்பு என்றால் உதவி வாங்குவது மட்டுமா? சில நேரம் திருப்பி அனுப்புவதும் ஒத்துழைப்புதான். 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தைகளை மீள்சுழற்சி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு 263 கொள்கலன்கள் கொழும்புக்கு வந்து இறங்கின. திறந்து பார்த்தால் மெத்தையோடு வைத்தியசாலைக் கழிவும் கலந்திருந்தது. நாற்றம் துறைமுகத்தில் வந்த பிறகுதான் சுங்கத்தினர் தோண்டத் தொடங்கினார்கள். சுற்றாடல் நீதி மையம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை நம் கையில் இருந்தது. 2020 செப்டம்பரில் முதல் 21 கொள்கலன்கள் கப்பலேறின. 2022 பெப்ரவரியில் கடைசித் தொகுதியும் போனது. ஆபிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் எத்தனையோ துறைமுகங்களில் இப்படி வந்த குப்பை அங்கேயே தங்கிவிடுகிறது. இங்கே தங்காததற்குக் காரணம் உடன்படிக்கை இருந்தது மட்டுமல்ல, அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போக ஒரு குடிமக்கள் அமைப்பு இருந்ததுதான்.

சுன்னாகத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் உயிர். சுன்னாகத்து மின்னுற்பத்தி நிலையத்துக்குச் சுற்றிலும் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. கொழும்பிலிருந்து கலாநிதி ரவீந்திர காரியவசம் என்ற சிங்கள சுற்றாடல் செயற்பாட்டாளர் யாழ்ப்பாணத் தமிழரின் கிணறுகளுக்காக உயர் நீதிமன்றம் போனார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு. நொதேர்ன் பவர் கம்பனி 20 மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை எடுத்துச் சொன்னது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை தன் சட்டக் கடமையைச் செய்யாததையும் சுட்டிக்காட்டியது. முப்பது வருடப் பயிற்சி, ஆய்வுகூடம், வழிகாட்டி நூல் எல்லாம் வந்த பிறகும் அந்தத் தவறு நடந்தது. அதைத் திருத்தியது இன்னொரு உதவித் திட்டம் அல்ல, ஒரு வழக்கு. இனத்தையும் மாகாணத்தையும் பாராமல் வந்த அந்த மனுதாரரை இந்த மேடையிலிருந்து நான் நன்றியோடு நினைக்கிறேன்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உதவி கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் திட்டத்தைத் தொடக்க விழாவில் அளக்கிறார்கள். நான் திட்டம் முடிந்த மறுநாளில் அளக்கச் சொல்கிறேன். நன்கொடையாக வந்த ஆய்வுக் கருவிக்கு இரசாயனப் பொருள் வாங்க மறுநாள் யார் பணம் கொடுப்பார்? வாகனத்துக்கு டயர் தேய்ந்தால்? பயிற்சி பெற்ற இளம் அதிகாரி தனியார் ஆலோசனை நிறுவனத்தில் மும்மடங்கு சம்பளத்துக்குப் போனால், அவர் இடத்தில் யார்? இவை எல்லாம் திறைசேரியின் மீண்டெழும் செலவு. வெளிநாட்டவர் மீண்டெழும் செலவைக் கொடுக்க விரும்ப மாட்டார். கட்டடம் கட்டுவார், கல்வெட்டு வைக்கலாம். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது எரிபொருள் வரிசையில் மூன்று நாள் நின்றோமே, நினைவிருக்கிறதா? கள அதிகாரி களத்துக்குப் போக முடியாத அந்த மாதங்களில் எந்தக் கான் எங்கே திறந்தது என்று யார் பார்த்திருப்பார்? இப்போது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குப்படி அரச செலவைச் சுருக்குகிறோம். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது சத்தம் போடாத செலவுதான். போத்தலில் நீர் எடுக்கும் செலவு சத்தம் போடாது.

வெளி உதவியே தேவைப்படாத குறைகளும் உண்டு. நம் பக்கத்து மாணிக்கக் குழிகளைப் பார்க்கிறோம். மாணிக்க, ஆபரண அதிகாரசபை அனுமதி கொடுக்கும்போது, குழியை மூடுவதற்கென்று பிணைப்பணம் வாங்குகிறது. இல்லம் என்ற மாணிக்கச் சரளைமண்ணை எடுத்து முடிந்ததும் குழியை நிரப்பினால் பணம் திரும்ப வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் கிடைத்த கல்லின் விலையோடு ஒப்பிட்டால் பிணைப்பணம் சில்லறை, விட்டுவிட்டுப் போகிறார்கள். மழை நின்ற பிறகு அந்தக் குழிகளில் நுளம்பு வளர்வது உங்களுக்குத் தெரியும். எந்த நாட்டு நிபுணரும் வராமலே, தொகையை உயர்த்தும் ஒரு வர்த்தமானியால் சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

தோட்டத்து மக்களுக்கு இன்னொரு குறை உண்டு. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தால் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் விளம்பரம் போட வேண்டும், 30 நாள் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விளம்பரம் வருகிறது. தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்துக்கு எந்தப் பத்திரிகை வருகிறது? சப்ரகமுவையில் நாம் சிதறிக் கிடக்கிறோம். நுவரெலியாவைப் போல் எண்ணிக்கையில் தெரிய மாட்டோம். பிள்ளைகள் பலர் சிங்களப் பாடசாலையில். சிங்களத்தில் சரளமாகப் பேசத் தெரிந்த பிள்ளை கந்தோரில் போய் நின்று கேட்பதற்குத் தயங்கும், தமிழில் எழுதத் தெரிந்த தாத்தா எங்கே அனுப்புவது என்று தெரியாமல் தோட்டத் தலைவரிடம் கொடுப்பார், தலைவர் துரையிடம் கொடுப்பார், அத்தோடு முடிந்தது. சுற்றாடல் முறைப்பாட்டைச் சுற்றாடலைக் கெடுப்பவரிடமே கொடுத்து முடிக்கும் இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

அதனால் அடுத்த முறை எந்த நாடாவது சுற்றாடல் துறைக்கு உதவி என்று வந்தால், ஒப்பந்தத்தில் நான் மூன்று வரி பார்க்க விரும்புகிறேன். திட்டம் முடிந்து ஐந்து வருடத்துக்கு ஆய்வுகூடச் செலவைத் திறைசேரி எந்தத் தலைப்பின் கீழ் ஏற்கிறது என்ற வரி. களத்துக்குப் போகும் அதிகாரிகளில் தமிழில் கேட்டு எழுதக்கூடியவர் ஒவ்வொரு தோட்ட மாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்ற வரி. எடுத்த நீர் மாதிரியின் முடிவு ஓடைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இரு மொழியிலும், பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்ற வரி. மூன்றாவதற்குச் செலவு ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான். ஆனால் அதைத்தான் கடைசியாக ஒப்புக்கொள்வார்கள்.

ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஓடைக்கு மேலே இருக்கும் ஸ்டோருக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் உண்டா, எப்போது முடிகிறது, என்ன நிபந்தனை, கடைசியாக எப்போது நீர் சோதித்தார்கள், என்ன முடிவு என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் கேட்க முடியாது. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுவதும் அவர் கடமை. பதில் சரியில்லை என்றால் மேன்முறையீடு உண்டு. ஓடை நாறுவது தாங்க முடியாத அளவுக்குப் போனால், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்தில் முறையிடக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவும் இருக்கிறது. அது 1979ஆம் ஆண்டுச் சட்டம், அதிகாரசபைக்கும் மூத்தது.

விண்ணப்பத்தின் மாதிரி ஒன்றை இந்த அறக்கட்டளையினர் அச்சடித்துப் பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் பேனையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர், ஸ்டோரின் பெயர், ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். தேநீர் குடிப்பதற்கு முன்னால் அந்த வேலையை முடித்துவிடலாம்.